இப்போதைக்கு என் பெயரில்

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். இடுப்பில் ஒரு சாவிகூடக் கிடையாது, இருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாருக்கு பாஸ்வேர்டு மறந்தாலும், எந்தக் கம்ப்யூட்டர் யாரை உள்ளே விட மறுத்தாலும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவருடைய ஒற்றை அறைக்குத்தான் ஓடி வருவார்கள். பதினாறு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்தார். படியில் ஆள் இறங்கினால் தலைக்கு மேல் தடதடவென்று கேட்கும். சத்தத்தை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். மேனேஜருடைய செருப்புச் சத்தம் என்றால் டீயை ஓரமாக வைத்துவிட்டு கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொள்வார். இந்த மாதிரி சில்லறைக் கள்ளத்தனம் யாரிடம்தான் இல்லை? அவரிடம் பெரிதாக ஒன்று இருந்தது. அதற்கு அவர் கொடுத்த விலையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்கு ஒரே மகள். ஏழு வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. குழந்தைகளைப் பிடிக்கிற வகை, மாத்திரைக்கெல்லாம் மசியாது. உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, ஊசியில் போவதுதான் உயிர். ஆறு வருஷமாக நாளுக்கு நாலு ஊசி. அந்த மருந்து ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரிலிருந்துதான் வீட்டுக்கு வரும். ஸ்டோரின் பின்னால் ஆள் நுழைந்து நிற்கிற அளவுக்கு ஒரு குளிர் அறை. அங்கே இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. சூடு பட்டால் மருந்தின் வீரியம் மெல்ல மெல்லக் குறையும். உறைந்துவிட்டாலோ மொத்தமாகக் கெட்டது. அதைவிட மோசம் என்னவென்றால், உறைந்து உருகின மருந்தும் பல நேரம் பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும்.

அந்தக் குளிர் அறையின் கதவில் வெப்பநிலையைக் காட்டுகிற முள் உடைந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு மனசு கேட்குமா? மேனேஜரிடம் நடையாய் நடந்து, உள்ளே நாலு மூலையிலும் சென்சார் மாட்ட வைத்தார். சென்சார்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை எடுத்து, அவற்றைச் செய்த கம்பெனி இணையத்தில் வைத்திருக்கும் கிளவுடுக்கு அனுப்பும். ஆனால் ஆஸ்பத்திரியின் கணக்குகளை எல்லாம் படம் போட்டுக் காட்டும் சர்வர் கிளவுடில் இல்லை, மாடிப்படி அறையில் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நம்முடைய தகவல் நம்முடைய கட்டடத்திலேயே இருக்கட்டும் என்பது நிர்வாகத்தின் பிடிவாதம். ஆக, வெளியே இருக்கிற தகவலை உள்ளே இருக்கிற சர்வர் போய் எடுத்து வர வேண்டும்.

இந்த எடுத்து வருகிற வேலைக்கு ஒரு முறை உண்டு. சர்வரிடம் யாரும் தன்னுடைய பாஸ்வேர்டைக் கொடுத்துவைக்க மாட்டார்கள். முதலில் கிளவுடிடம் போய், இப்படி ஒரு சர்வர் எங்களிடம் இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். அது ஒரு அடையாள எண்ணும் ஒரு ரகசியக் குறியும் தரும். அவற்றைச் சர்வரின் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு, யாராவது ஒரு ஆள் கிளவுடின் வாசலில் தன் பெயரில் லாகின் செய்ய வேண்டும். 'உங்கள் சார்பில் இந்தச் சர்வர் தகவலைப் படிக்கலாமா?' என்று கேட்கும். 'அனுமதி' என்று அமுக்கினால் அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு டோக்கனைச் சர்வரின் கையில் கொடுத்து அனுப்பிவிடும். அதற்குப் பிறகு ஆள் தேவையில்லை. சர்வர் அந்த டோக்கனைக் காட்டிக் காட்டித் தானாகவே எடுத்துக்கொள்ளும். அனுமதி கொடுத்த ஆளின் அக்கவுண்ட் உயிரோடு இருக்கிற வரைக்கும் டோக்கனும் உயிரோடு இருக்கும்.

இதைச் செய்து முடிக்க அவருக்கு ஒன்றரை நாள் ஆனது. டோக்கனைக் கொண்டு வந்து கொடுக்க வேண்டிய முகவரியின் கடைசியில் ஒரு சின்னச் சாய்கோடு விட்டுப்போயிருந்தது. அதற்காகக் கிளவுட் அவரை இருபது தடவை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது. கோட்டைப் போட்டார், கதவு திறந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி, யார் பெயரில் அனுமதி கொடுப்பது? ஆளின் பெயரில் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கென்று தனி அக்கவுண்ட் வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆபீஸில் கேட்டார். படிவம் கொடுங்கள், மூன்று கையெழுத்து வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அன்றைக்கு மகளுடைய மருந்துப் பெட்டி குளிர் அறையில் வந்து இறங்கியிருந்தது. இப்போதைக்கு என் பெயரில் இருக்கட்டும் என்று அனுமதியை அமுக்கினார்.

இப்போதைக்கு என்று வைத்தது எதுதான் போயிருக்கிறது? அது நாலு வருஷம் அப்படியே நின்றது.

ஸ்டோர் சுவரில் ஒரு திரை மாட்டினார். எண் சின்னதாக, நிறம் பெரிதாக. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் ஓடு. முதல் மாதம் இணையம் ஐந்து நிமிஷம் அறுந்தாலும் திரை சிவந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அக்கா வேர்த்து விறுவிறுத்து ஃபோன் செய்வார். இவர் போய்ப் பார்த்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும். ஒரு தடவை பெரிய மனிதர்கள் சுற்றிப் பார்க்க வந்த நேரத்தில் சிவந்து தொலைத்தது. மேனேஜர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றைக்கே இவர் இரண்டு காரியம் செய்தார். தகவல் வரவில்லை என்றால் கடைசியாக வந்ததையே திரை காட்டிக்கொண்டிருக்கட்டும் என்று மாற்றினார். வரவில்லை என்கிற எச்சரிக்கை மெயில் தனக்கு மட்டும் வரட்டும் என்று வைத்தார். வந்த பத்தாவது நிமிஷம் சரிசெய்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஸ்டோர் அக்காவுக்கு நிம்மதி, மேனேஜருக்கு நிம்மதி. இதை அவர் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. தகவல் நின்றால் திரை சிவக்காது என்பதை நாளடைவில் அவரே மறந்துபோனார்.

பிறகு அந்தப் பேச்சு அடிபட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் வேலையை எல்லாம் வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுக்கப் போகிறார்களாம். மாடிப்படி அறை இனி வேண்டாமாம்.  அந்த வாரமே ஆஸ்பத்திரியின் பெயரில் தனி அக்கவுண்டும் கிடைத்துவிட்டது, அவர் அப்போது கொடுத்துவைத்த படிவத்துக்கு யாரோ உயிர் கொடுத்திருந்தார்கள். லாகின் செய்து, ஒரு தடவை அனுமதியை அமுக்கினால் வேலை முடிந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அவர் செய்யவில்லை. என் பெயரில்தானே ஓடுகிறது, ஓடட்டும், நான் இல்லாவிட்டால் எது நிற்கும் என்று தெரியட்டும் என்று நினைத்தார். வீட்டில் மனைவியிடம் வாய்விட்டே சொன்னார்.

"என்னை அனுப்பட்டும் பார்க்கலாம். பத்து நிமிஷத்துல ஃபோன் வரும். வந்து சரி பண்ணுங்கன்னு அவங்களே கெஞ்சுவாங்க."

மனைவி ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். இந்த டோக்கன் சமாசாரமெல்லாம் அவளுக்குப் புரியாது, ஆளைப் புரியும். "நின்னு போறது என்னதுங்க?" என்று கேட்டாள். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி நாள். மேனேஜர் நல்ல மாதிரியாகவே பேசினார். ஒப்படைக்க வேண்டியதில் இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். "எல்லாம் எழுதிக் கொடுத்தாச்சு சார்" என்றார் இவர். பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது உண்மைதான். டோக்கன் தன் பெயரில் ஓடுகிறது என்கிற அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அட்டைப்பெட்டியில் டம்ளரையும் மகள் படத்தையும் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவருடைய அக்கவுண்டை மூடிவிட்டார்கள். அதோடு டோக்கன் செத்தது. மெயில் பெட்டியும் மூடிக்கொண்டது.

சர்வர் என்ன செய்யும் பாவம்? போய்த் தட்டியது. திறக்கவில்லை. அடுத்த பத்தாவது நிமிஷம் மறுபடி தட்டியது. ஐந்து தடவை தோற்றால் அந்த வேலையை நிறுத்திவைப்பது அதன் வழக்கம், நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டேன் என்று ஒழுங்காக மெயில் எழுதி, மூடின பெட்டிக்கு அனுப்பியது. ஸ்டோர் சுவரில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவர் ஃபோனை எடுத்துக் கண் முன்னால் மேஜையில் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் போனது. சனி போனது, ஞாயிறு போனது. குளிக்கப் போகும்போதுகூட ஃபோனைக் குளியலறைக் கதவருகில் வைத்துவிட்டுப் போனார். ஒரு ஈ காக்கா கூப்பிடவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு அவமானமாக இருந்தது. வெளிக் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன், வந்த அன்றைக்கே கண்டுபிடித்துச் சரிசெய்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். பதினாறு வருஷம் உட்கார்ந்த நாற்காலிக்கு இவ்வளவுதானா மதிப்பு என்று இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை மனைவி ஸ்டோருக்குப் போய் மகளுக்கு மருந்து வாங்கி வந்தாள். வியாழக்கிழமை பழைய குப்பி தீர்ந்து புதுசைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மகளின் சர்க்கரை இருநூற்று நாற்பது. சனிக்கிழமை முந்நூற்றுப் பத்து. டாக்டரிடம் ஃபோனில் கேட்டு ஊசியின் அளவைக் கூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் மேலே போனது. தண்ணீர் தண்ணீர் என்று பறந்தாள். பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூமுக்கு எழுந்து போனாள்.

பெற்றவர்களுக்கு முதலில் என்ன தோன்றும்? தின்கிறாள் என்றுதான் தோன்றியது. அவளுடைய பள்ளிப் பையைக் கொட்டிப் பார்த்தார். தலையணை உறைக்குள் கைவிட்டுத் தேடினார். ஒரு பழைய மிட்டாய்க் காகிதம் கிடைத்தது. அதை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"நான் எதுவும் தின்னலப்பா. ஊசி போட்டா போட்ட மாதிரியே இல்ல."

"ஊசி மேல பழி போடாத. நாலு வருஷமா அந்த ரூமைக் கண்ணுல வச்சுப் பார்த்தவன் நான்" என்றார். சொல்லும்போதே ஏதோ ஒன்று நெஞ்சில் தட்டியது. ஆனால் கோபத்தில் இருந்தார், அதைப் பிடித்துப் பார்க்கவில்லை. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை முழுவதும் அவள் அவரிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வாந்தி எடுத்தாள். மூச்சு வேகவேகமாக வாங்கியது, மூச்சில் அழுகின பழ வாசனை. அது இன்சுலின் கிடைக்காத உடம்பின் வாசனை என்று ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குத் தெரியும். மனைவி மகளைத் தூக்கிக் காரில் போடச் சொன்னாள். மருந்தைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டிய மருந்தில் நூல் நூலாக ஏதோ மிதந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதினொரு நாளாக ஃபோன் வரவில்லை. திரை சிவந்திருந்தால் வந்திருக்கும். திரை ஏன் சிவக்கவில்லை? சிவக்காதபடி செய்தது யார்? தன் கையால்தானே சிவப்பை எடுத்தோம் என்பது நினைவுக்கு வந்தது. குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

மகளை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். மனைவி அங்கேயே நின்றாள். அவர் டாக்டரிடம் குப்பியைக் காட்டி, இந்த மருந்தை நம்பாதீர்கள், வெளியிலிருந்து வேறு வரவழைத்துப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டோருக்கு ஓடினார். வாசலிலேயே திரை தெரிந்தது. பச்சை. அதன் ஓரத்தில் நாலு புள்ளி இரண்டு.

ஸ்டோர் அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்க தம்பி, நீங்க போனதுல இருந்து ஆபீஸே நல்லா இல்ல என்று ஆரம்பித்தார். குளிர் அறையில் எத்தனை டிகிரி என்று இவர் கேட்டார். அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினார். பாவம், கடமை தவறாதவர். தினம் காலையில் திரையைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சனிக்கிழமை நாலு புள்ளி இரண்டு, ஞாயிறு நாலு புள்ளி இரண்டு, திங்கள் நாலு புள்ளி இரண்டு. பதினொரு வரி, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே எண்.

"கொஞ்சங்கூட ஏறி இறங்கலையேன்னு நானே சந்தோஷப்பட்டேன். உள்ள போனா மட்டும் குளிர் ஜாஸ்தியா தெரிஞ்சுது. வயசாகுதுல்ல, அதான்னு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேன்" என்றார்.

கதவைத் திறந்து உள்ளே போனார். முன் தட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால், காற்றாடிக்கு நேர் எதிரே இருந்த தட்டில் அட்டைப்பெட்டிகள் வெளுத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்தார். பெட்டி தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது பனி உரிந்து வந்தது. குளிரை நிறுத்த வேண்டிய சுவிட்ச் ஒட்டிப்போய், காற்றாடி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பின் தட்டிலும் ஒரு சென்சார் இருந்தது. அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உண்மையைக் கிளவுடுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்டு வர வேண்டியதற்கு அனுமதி இல்லை.

பின் தட்டிலிருந்து எடுத்துத்தான் முன்னால் வைத்துக் கொடுத்திருந்தார்கள். பழசை முதலில் கொடுக்க வேண்டும் என்பது ஸ்டோரின் முறை, புதுசு வர வரப் பழசு பின்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கும். அக்கா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து எல்லாம் என்னுடையது, என் தலையில்தான் விடியும் என்று முணுமுணுத்தார். அவர் சொன்னது சரிதான். நோட்டைப் பார்க்கிற எவனும் அந்த அக்காவைத்தான் கேட்பான். சாவிக்கொத்தின் பெயர் அந்த நோட்டில் எங்கேயும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"உங்க மேல இல்லக்கா. அந்தத் திரை நின்னு பதினொரு நாள் ஆச்சு. நின்னா தெரியாதபடி பண்ணது நான். நிக்கும்னு தெரிஞ்சே சொல்லாம போனதும் நான்தான்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.  திரையின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, யார் யாருக்கு மருந்து கொடுத்தோம் என்கிற பதிவேட்டை எடுத்தார். நாற்பத்தாறு பேர். மேனேஜர் வந்தார், இவர் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. நர்ஸுகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு ஃபோன் போட ஆரம்பித்தார்கள். என்னிடமும் கொஞ்சம் கொடுங்கள் என்று இவர் கேட்டபோது அக்கா ஒரு தாளில் பன்னிரண்டு எண்களை எழுதி நீட்டினார்.

மதியத்துக்குள் மகளுக்கு மூச்சு நிதானப்பட்டது. டாக்டர் இன்னும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார். மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஸ்டோரில் அவர் ஒத்துக்கொண்டதை நர்ஸுகள் வராந்தாவில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. நின்னு போறது என்னதுங்க என்று அன்றைக்குக் கேட்டவள் இன்றைக்கு எதையும் கேட்கவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. கையில் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருக்க, மகள் கண்ணைத் திறந்தாள்.

"நான் தின்னலன்னு இப்பவாவது நம்புறியாப்பா?"

அவர் அழுதார்.  தலையை மட்டும் ஆட்டினார்.

கட்டிலோரத்திலேயே நின்று ஃபோன் போட்டார். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். மருந்து கெட்டுப்போயிருக்கிறது, போடாதீர்கள், உடனே வாருங்கள். ஏன் கெட்டது என்று கேட்டவர்களிடம் தப்பு என்னுடையது என்றார். இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். ஒருவர் ஏற்கெனவே சர்க்கரை ஏறி இதே கட்டடத்தில் மேல் மாடியில் கிடந்தார். பதினொரு எண்களுக்கு நேரே கோடு போட்டாயிற்று.

பன்னிரண்டாவது எண்ணுக்கு நேரே, எழுபத்தொரு வயது, தனியாக இருக்கிறார், ஆறு நாளைக்கு முன்னால் இரண்டு குப்பி வாங்கினார் என்று எழுதியிருந்தது. மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டார், எடுக்கவில்லை. வீட்டு முகவரியை மேனேஜரிடம் கொடுத்து ஆள் அனுப்பச் சொன்னார். ஆள் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. ஃபோனைப் பையில் வைக்கப் போனார்.

"இன்னொரு தடவை போடுப்பா" என்றாள் மகள்.

போட்டார். அந்த வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.